கண்முன் நூற்றது

கறாரக்காவிடம் நூலைக் கொண்டுபோய்க் காட்டுவதற்குப் பதில் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று நூற்புக்கூடத்துப் பெண்கள் சொல்வார்கள். அவள் காதுபடவே சொல்வார்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். "பல்லு போனா கட்டிக்கலாம். முத்திரை போனா என்னத்தைக் கட்டறது?" என்பாள்.

பெற்றவர்கள் அவளுக்கு ஒரு பெயர் வைக்காமல் இல்லை. வாடகைச் சீட்டில் தவிர அதற்கு எங்கேயும் வேலை இல்லாமல் போய்விட்டது. கறார்தான் பெயர். தெருவில் தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

தையல் கடைக்கு மேலே இருந்த நீள அறைதான் கூடம். சுவர் முழுக்க ஆணி, ஆணிக்கு ஒரு தக்ளி. தக்ளி என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. ஒரு சாண் கம்பி, அடியில் ஒரு வட்டு, நுனியில் ஒரு கொக்கி. கம்பியைத் தொடையில் உருட்டி விட்டால் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு சுற்றும். விரலிடுக்கில் இருக்கும் பஞ்சு நீண்டு, முறுக்கேறி, நூலாகும். அவ்வளவுதான். பார்த்தால் அவ்வளவுதான். நீங்கள் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம். முதல் நாள் முழுக்க அது தரையில்தான் கிடக்கும்.

பதினொரு பெண்கள் நின்றும், நடந்தும், படிக்கட்டில் உட்கார்ந்தும் நூற்றார்கள். ஆயிரம் மீட்டர் நூலைச் சுற்றிக் கட்டினால் அது ஒரு சிட்டம். சிட்டத்துக்கு நூற்பாளர் சங்கத்தார் கைநூல் முத்திரை வைத்தால்தான் நெசவாளர்கள் வாங்குவார்கள். ஆலை நூலை வாங்கி வந்து கைநூல் என்று தலையில் கட்டுகிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்ததால், சங்கத்தார் ஒரு பதிவேடு கொடுத்திருந்தார்கள். நூற்றவர் யார், என்று முடித்தார், எடை என்ன. கடைசிக் கட்டத்தில் மட்டும் மூன்று சொல் அச்சிட்டிருக்கும்: "என் கண்முன் நூற்றது." அதற்குக் கீழே கூடத்தின் பொறுப்பாளர் என்ற முறையில் கறாரக்கா கையெழுத்துப் போட வேண்டும்.

அந்தக் கட்டத்தில்தான் கறாரக்காவின் மொத்தக் கறாரும் குடியிருந்தது. கூடத்திலேயே மூத்தவள் ஒருத்தி, காய்ச்சலில் படுத்த நாட்களில் வீட்டிலேயே நூற்று ஒரு சிட்டத்தை முடித்துக் கொண்டு வந்தாள். கறாரக்கா பேனாவைத் தொடவே இல்லை.

"காய்ச்சலோட நூத்தேன் தாயே, கொஞ்சம் மனசு வையேன்."

"காய்ச்சலை நான் பாத்தேன். நூத்ததைப் பாக்கல. அடுத்த சிட்டம் இங்க உக்காந்து நூத்துக் குடு, போடறேன்."

அந்த மூத்தவள் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. கூடமே வாய்க்கு வந்தபடி திட்டியது. திட்டினாலும், இந்தக் கூடத்து நூல் என்றால் நெசவாளர்கள் பிரித்துப் பார்க்காமலே வாங்கினார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

அப்பேர்ப்பட்டவள்தான் ஆறு முறை பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருந்தாள். ஆறும் அவளுடைய அண்ணியின் நூல்.

ஏன் போட்டாள் என்று கேட்டால், ஏழு வருடம் பின்னால் போக வேண்டும். அண்ணன் கல்யாணம் முடிந்த புதிதில் அண்ணியும் கூடத்துக்கு வந்தாள். நாலாவது நாள் அவள் நூற்றதைக் கறாரக்கா எல்லோர் முன்னிலும் தூக்கிப் பிடித்து, "இது நூலா, மாடு கட்டற கயிறா?" என்றாள். அறையே சிரித்தது. அண்ணியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தக்ளியை ஆணியில் மாட்டிவிட்டு இறங்கினவள்தான், அப்புறம் அந்தப் படி ஏறவில்லை. மூன்று தெரு தள்ளி இருந்த சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வீட்டு விசேஷங்களில் பார்த்தால், "சாப்டியா?", "முதுகுவலி எப்படி இருக்கு?" என்பதோடு சரி. சண்டை என்றும் சொல்ல முடியாது, சமாதானம் என்றும் சொல்ல முடியாது. நாத்தனாருக்கும் அண்ணிக்கும் நடுவே எத்தனையோ வீடுகளில் இருப்பதுதான்.

போன வருடம் ஒரு நாள் அண்ணன் சாப்பாட்டு டப்பா ஒன்றை நீட்டினார். "உங்க அண்ணி குடுக்கச் சொன்னா."

திறந்தால் டப்பா காலி. அப்படித்தான் முதலில் நினைத்தாள். விரலை விட்ட பிறகுதான் உள்ளே ஏதோ இருப்பது தெரிந்தது. வெளியே எடுத்தாள். ஒரு சிட்டம். ஜன்னல் பக்கம் கொண்டுபோனால் இருக்கிறது, நிழலுக்கு வந்தால் இல்லை. தராசில் வைத்தாள். ஆயிரம் மீட்டர் நூல் ஐந்து கிராம்கூட நிற்கவில்லை. தராசுதான் கெட்டுவிட்டது என்று அதைத் தட்டி மறுபடி வைத்தாள். மூன்றாம் முறையும் அதே எடைதான். அவள் கூடத்தில் மிக மெல்லியதாக நூற்கிறவளின் சிட்டம் முப்பது கிராம்.

அந்த நிமிடமே "அண்ணி, வந்து என் முன்னால நூத்துக் காட்டுங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். எந்த முகத்தோடு சொல்வது? கயிறு என்று சிரித்த வாய் அதற்குத் திறக்கவில்லை. பேனாவை எடுத்துப் போட்டுவிட்டாள். ஒருமுறை போட்ட பிறகு இரண்டாவது முறைக்கு வலிக்கவில்லை. இப்படியே ஆறு.

ஆறையும் சேர்த்து முத்திரைக்கு அனுப்பியபோதுதான் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. இந்த ஆறு சிட்டமும் கையால் நூற்றவை என்று நம்புவது கடினம். பரிசோதகர் நேரில் வருகிறார். நூற்றவர் அவர் முன் நூற்றுக் காட்ட வேண்டும். தவறினால் கூடத்தின் முத்திரை திரும்பப் பெறப்படும். பதினொரு பேரின் நூலுக்கும் சேர்த்துத்தான்.

ஓடிப்போய் அண்ணனைப் பிடித்தாள். அண்ணன் பஸ் டிரைவர்.

"அண்ணா, அண்ணி நூக்கறதை நீ பாத்திருக்கியா?"

"நான் வர்றப்ப அவ வேலைக்குப் போயிருப்பா. அவ வர்றப்ப நான் வண்டில இருப்பேன். எங்க ரெண்டு பேரையும் சேர்த்துப் பாக்கணும்னா கல்யாண ஃபோட்டோலதான் பாக்கணும்."

"வீட்டுல தக்ளி இருக்கா?"

"நான் பாத்ததில்ல."

"அப்ப நூல் எங்கேருந்துதான் வருது?"

அண்ணன் யோசித்தார். "அவ கைப்பையிலேருந்து."

இந்த மனுஷனிடம் கேட்டதற்குச் சுவரிடம் கேட்டிருக்கலாம். ஆனால் சந்தேகம் என்பது ஒருமுறை உள்ளே வந்தால் பாயைப் போட்டுப் படுத்துக்கொள்ளும். எங்கேயோ வாங்குகிறாள். ஆலை நூல்கூட இவ்வளவு மெல்லிசாக வராதே, எங்கே வாங்குவாள்? எங்கேயோ வாங்குகிறாள். அன்றைக்குக் கயிறு என்றதற்கு ஏழு வருடம் சேர்த்து வைத்து இப்போது பழி தீர்க்கிறாள். இப்படியெல்லாம் நினைத்து நினைத்து, பரிசோதகர் வரும் நாளுக்குள் கறாரக்கா பாதியாகிவிட்டாள்.

அந்த நாளும் வந்தது. வருகிறவருக்கு வேர்க்கக் கூடாதே என்று பெண்கள் அறையைக் கழுவி, ஜன்னல்களையெல்லாம் விரியத் திறந்து, தையல் கடையிலிருந்து ஃபேன் ஒன்றைக் கடன் வாங்கி வைத்து முழு வேகத்தில் விட்டிருந்தார்கள். நல்ல வெயில். அறை அப்பளம் காயப்போடலாம் போலச் சுள்ளென்று இருந்தது.

பரிசோதகர் குரலே எழும்பாத மனிதர். சின்னப் பெட்டியில் தராசு, பூதக்கண்ணாடி, நூல் சுற்றும் சட்டம், அதோடு அந்த ஆறு சிட்டம். ஃபேனுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அண்ணி சலவைக்கூடத்து மேலாடையோடு அப்படியே வந்து நின்றாள். ஏழு வருடத்துக்குப் பிறகு அந்தப் படி ஏறி வந்திருக்கிறாள். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தண்ணீரிலேயே ஊறிய கைகள், விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

கைப்பையைத் திறந்து ஒரு குச்சியை எடுத்தாள். தீக்குச்சியை விடக் கொஞ்சம் நீளம். அடியில் வட்டுக்குப் பதிலாக ஒரு சட்டைப் பொத்தான்.

பின்வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பரிசோதகர் பூதக்கண்ணாடியை எடுத்தார். "பொத்தானா?"

"ஆமாங்க. சலவைக்கு வர்ற சட்டையிலிருந்து உதிரும். கடையில விக்கற வட்டுக்கு இந்த நூல் தாங்காது, அறுந்துரும்."

"சரி. ஆரம்பிங்கம்மா."

அண்ணி நூற்கச் சுருட்டி வைத்திருந்த பஞ்சுப் பட்டையைக் கிள்ளினாள், குச்சியை உருட்டி விட்டாள். ஒரு சாண் இறங்கியது. டக். பொத்தான் தரையில். எடுத்தாள், ஒட்டினாள், விட்டாள். டக். மூன்றாவது முறை ஃபேன் காற்றில் குச்சி ஆடிக்கொண்டு போய்ப் பெஞ்சுக்கடியில் விழுந்தது. ஒருத்தி குனிந்து தேடி எடுத்துக் கொடுத்தாள். நாலு, ஐந்து, ஆறு. யாரும் இப்போது சிரிக்கவில்லை. அண்ணியின் மேலுதட்டில் வேர்வை. பெண்கள் முகத்தில் ஈயாடவில்லை; தங்கள் முத்திரைதான் ஒவ்வொரு முறையும் தரையில் விழுந்து விழுந்து எழுகிறது என்று அவர்களுக்குத் தெரியாதா?

ஏழாவது டக்கில் கறாரக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"போதும் அண்ணி! உண்மையைச் சொல்லிடுங்க. எங்க வாங்கினீங்க?"

அண்ணி குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு முதல் முறையாக நிமிர்ந்தாள்.

"எங்க வாங்கினேன்னு என்னைக் கேக்கற. ஆறு கையெழுத்துப் போட்டிருக்கியே, பாத்தேன்னு. அப்ப பாத்தது யாரு?"

கறாரக்காவுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பரிசோதகர் அவளைப் பார்த்தார். பதினொரு பெண்களும் பார்த்தார்கள். காய்ச்சலோடு நூற்ற மூத்தவளும் பார்த்தாள். அவள் பார்வையைத்தான் தாங்க முடியவில்லை.

அண்ணி பரிசோதகர் பக்கம் திரும்பினாள். "இங்க வராதுங்க. இந்தக் காத்து காய்ஞ்ச காத்து. நான் வேலை செய்யற இடத்துல வரும். மூணு தெரு நடக்கணும்."

"ஃபேனை நிறுத்திட்டா?" என்றாள் ஒருத்தி.

"நிறுத்தினாலும் பத்தாது. ஈரம் வேணும்."

பரிசோதகர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். பொறுமையாக, இரண்டு முறை. "கண்முன்னு போட்டிருக்கு. எந்த இடம்னு போடலை. வாங்க போகலாம்."

மூவரும் நடந்தார்கள். அண்ணி முன்னால், பெட்டியோடு பரிசோதகர், கடைசியில் கறாரக்கா. மூன்று தெரு. ஏழு வருடமாக வராத மூன்று தெரு. நடக்க ஐந்து நிமிடம் ஆகவில்லை. இவ்வளவு பக்கமா என்று அவளுக்கே கூசியது.

சலவைக்கூடத்துக் கதவைத் திறந்ததும் ஆவி வந்து முகத்தில் ஒட்டியது. ஆஸ்பத்திரித் துணி, விடுதித் துணி எல்லாம் அங்கேதான் வெளுக்கும். ஒரு பக்கம் ஆள் உயரத்துக்கு இரண்டு கொதிகலன், இரும்புக் கதவு கரியேறிக் கறுத்திருந்தது. மறுபக்கம் கூரை வரைக்கும் ஈர விரிப்புகள், வரிசை வரிசையாக. நடுவே நடந்தால் தெருவே வெள்ளைத் துணியில் செய்தது போல இருந்தது. எங்கேயோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். காற்றே இல்லை. பரிசோதகரின் கண்ணாடி நொடியில் வெள்ளையாகிவிட்டது. துடைத்தார், மறுபடி வெள்ளை. கடைசியில் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கொதி வர்ற வரைக்கும் எனக்கு வேலை இல்ல," என்றாள் அண்ணி. "தினம் ரெண்டு வேளை, வேளைக்கு ஒரு மணி நேரம். அப்ப நூப்பேன்."

துணிக்கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றாள். விரலை வாளித் தண்ணீரில் தொட்டு உதறினாள். பட்டையிலிருந்து பஞ்சைக் கிள்ளினாள். என்னத்தைக் கிள்ளினாளோ, கறாரக்காவுக்குத் தெரியவில்லை. குச்சியை உள்ளங்கையில் உருட்டி விட்டாள்.

பொத்தான் இறங்கியது.

கறாரக்கா டக் என்ற சத்தத்துக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. பொத்தான் அண்ணியின் இடுப்புக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது, கூடையின் விளிம்பைத் தாண்டியது. சுற்றுகிற வேகத்தில் நாலு ஓட்டையும் ஒன்றாகி ஒரு வளையமாகத் தெரிந்தது. அதை எது தாங்குகிறது? கறாரக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். மேலே ஒரு கை. கீழே ஒரு பொத்தான். நடுவே ஒன்றுமே இல்லை. சத்தியமாக ஒன்றுமே இல்லை. ஒன்றுமில்லாததைப் பிடித்துக்கொண்டு ஒரு பொத்தான் அந்தரத்தில் நின்று சுற்றுகிறது.

"அடேயப்பா," என்றார் பரிசோதகர். அவர் அப்படிச் சொன்னதே அவருக்குத் தெரிந்திருக்காது.

பொத்தான் தரையைத் தொடும் முன் அண்ணி மெல்லக் கையை உயர்த்தினாள், குச்சியை எட்டிப் பிடித்தாள், நூற்றதைச் சுற்றினாள், மறுபடி விட்டாள். இரண்டாம் முறை இறங்கும்போது ஒரு அடி நகர்ந்து நின்றாள். அப்போது அவள் கைக்குப் பின்னால் கொதிகலனின் கறுத்த கதவு வந்தது. அந்தக் கறுப்பின் மேல் ஒரு கோடு தெரிந்தது.

கோடு என்று சொல்வதே அதிகம். வெளிச்சம் ஒரு மயிரிழை வழியாக வழிந்து கீழே போவது தெரிந்தது. முறுக்கு ஏறுவதும் தெரிந்தது: கீழிருந்து மேலே, விரலை நோக்கி, ஓடிக்கொண்டே இருந்தது. விரலிடுக்கில் புகைபோல இருந்த பஞ்சு அந்த முறுக்கு வந்து தொட்டதும் சட்டென்று நூலாக மாறியது. அதற்குள் அடுத்த புகை. அதுவும் நூல். அண்ணியின் விரல்கள் இழுக்கவில்லை, பிடிக்கவில்லை. விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தன. இருபது வருடமாகக் கறாரக்கா பஞ்சு நூலாவதைத் தினமும் பார்க்கிறாள். அவள் கண்ணுக்கு அது என்றைக்கோ பழகிப்போன வேலை. அது இப்படிப்பட்ட ஒன்று என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

"தொட்டுப் பாக்கறியா?" என்றாள் அண்ணி, கண்ணை எடுக்காமலே.

"ஐயோ, வேணாம். அறுந்துரும்."

"அறாது. சும்மா வை."

ஆள்காட்டி விரலை நீட்டினாள். எங்கே வைப்பது என்றே தெரியாமல் காற்றில் தடவிக்கொண்டு போனாள். ஓரிடத்தில் காற்று அவளை லேசாகத் தடுத்தது. கைக்குழந்தையின் நாடியைத் தொட்ட மாதிரி விரல் நுனியில் ஒரு துடிப்பு ஓடியது. முறுக்குதான். அவள் விரலைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தது. நின்ற இடத்திலேயே அவளுக்குக் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. ஆவியில் எல்லோர் முகமும் நனைந்திருந்தது நல்லதாகப் போயிற்று.

இப்படியே ஒரு மணி நேரம் போனது. கொதி வந்து மூடி தடதடக்க ஆரம்பித்தபோது அண்ணி கூடையை விட்டு இறங்கினாள். பரிசோதகர் குச்சியிலிருந்த நூலைச் சட்டத்தில் சுற்றி அளந்தார், தராசில் வைத்தார், பழைய சிட்டத்திலிருந்து ஓர் இழையை எடுத்துப் பக்கத்தில் வைத்து, ஆவி படாத வாசலோரம் போய்ப் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். திரும்பி வந்து அண்ணியைப் பார்த்துக் கும்பிட்டார். அதிகாரியாக இல்லாமல், மனிதராகக் கும்பிட்டார்.

"இருபத்தாறு வருஷமா இந்த வேலை பாக்கறேன்மா. உங்களைச் சந்தேகப்பட்டு எழுதினது நான்தான். மன்னிக்கணும். ஆறும் உங்க கைதான், எனக்கு இனிமே ஒரு சந்தேகமும் இல்ல." பெட்டியைத் திறந்து முத்திரையையும் பதிவேட்டையும் எடுத்துக் கூடையின் மேல் வைத்தார். "வேலை முடிஞ்ச மாதிரிதான். விதிப்படி ஒரே ஒரு கேள்வி கேக்கணும்." கறாரக்கா பக்கம் திரும்பினார். "இந்த ஆறு சிட்டமும் உங்க கண்முன்ன நூத்ததுதானே?"

அவர் அதைச் சம்பிரதாயத்துக்குத்தான் கேட்டார். கேட்கும்போதே முத்திரையை மைக்கட்டையில் ஒற்றிக்கொண்டிருந்தார். காலையில் அந்த அறையில் அண்ணி சொன்னதைக் கேட்காதவர் போலவே நின்றார். ஒரே சொல். ஆமாம் என்றால் போதும். ஆறு சிட்டத்துக்கும் முத்திரை விழும். இந்த நூலுக்காகவே ஒரு நெசவாளர் தறியைக் காலியாகப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். நூற்றது அண்ணிதான் என்பதில் இனி யாருக்கு என்ன சந்தேகம்? பொய் என்றுகூடச் சொல்ல முடியாது. உண்மையான நூலுக்கு ஒரு சின்ன வார்த்தை.

கறாரக்கா வாயைத் திறந்தாள். விரல் நுனியில் அந்தத் துடிப்பு இன்னும் போகவில்லை.

"இல்லீங்க," என்றாள்.

முத்திரை பாதியில் நின்றது.

"நான் பாக்கல. ஒண்ணைக்கூடப் பாக்கல. பாக்காமதான் போட்டேன்."

பரிசோதகர் அண்ணியைப் பார்த்தார், கறாரக்காவைப் பார்த்தார். மெல்ல முத்திரையைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். அவருக்கும் அது சந்தோஷமில்லை என்று முகமே சொன்னது. "அப்ப இந்த ஆறையும் நான் ஏத்துக்க முடியாது. கூடத்து முத்திரையை இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறேன். ஆறு சிட்டம் புதுசா, நீங்க உண்மையாவே பாத்து எழுதினது வந்தா, திருப்பித் தரேன். ரெண்டு மாசம் டைம் இருக்கு." ஆறு சிட்டத்திலும் ஒரு சிவப்பு நூலைக் கட்டினார். தள்ளுபடியானதற்கு அடையாளம் அது. கட்டும்போது அவர் விரல்கள், எங்கே நொந்துவிடுமோ என்று பயந்தது போல, அவ்வளவு மெதுவாக நகர்ந்தன. பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு விரிப்புகளுக்கு நடுவே போய் மறைந்தார்.

அண்ணி சிவப்புக் கட்டிய ஆறு சிட்டத்தையும் கையில் எடுத்துப் பார்த்தாள். ஒரு வருடமாக ஒவ்வொன்றாகக் கொடுத்து வந்தவை. கறாரக்கா அடி விழும் என்று நின்றாள். விழுந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பாள்.

"ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்ல?"

"முடிஞ்சிருக்கும் அண்ணி."

"அப்புறம் ஏன்?"

"நேத்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். பாக்கறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியாது நேத்து வரைக்கும்." குரல் உடைந்தது. "இதைப் பாத்தேன்னு சொல்ல, இதைப் பாத்திருக்கணும் அண்ணி. நான் டப்பாவைத் திறந்து பாத்தேன். உங்களைப் பாக்கல. எல்லார் முன்னாலயும் எங்க வாங்கினீங்கன்னு வேற கேட்டேன்."

"கேட்டே," என்றாள் அண்ணி. அதை அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடுகிற குரல் இல்லை.

"நீங்க இங்கதான் நூக்கறீங்கன்னு ஒருதரம்கூட சொல்லலையே."

"யாரும் கேக்கல."

கொதிகலன் மூடி தடதடத்தது. அண்ணி போய் நெருப்பைக் குறைத்தாள், நீளக் கழியால் துணியைப் புரட்டி விட்டாள், கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மனதுக்குள் ஏதோ கூட்டினாள்.

"ஒரு சிட்டத்துக்கு எனக்கு எட்டு நாள். ஆறுக்கு நாற்பத்தெட்டு. தினம் ரெண்டு வேளை வந்து உக்காரணும்."

"வரேன் அண்ணி."

"கூடத்தை யார் பாப்பாங்க?"

"காய்ச்சக்காரம்மா பாப்பாங்க. என்னைவிடக் கறாரா பாப்பாங்க."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை மறைக்கத் திரும்பிக்கொண்டாள். இன்னொரு கூடையை இழுத்துக் கொதிகலனுக்கு எதிரே கவிழ்த்துப் போட்டாள். கறுத்த கதவு நேராகத் தெரிகிற இடம் அது.

"அடுத்த கொதி வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். இன்னிக்கே ஆரம்பிச்சிரலாம். பேசக் கூடாது. பெருமூச்சு விடக் கூடாது, நூல் ஆடும்."

கறாரக்கா உட்கார்ந்தாள். சலவைக் கணக்குக்காகச் சுவரில் மாட்டியிருந்த பென்சிலை, எண்ணிக் கோடு போட, எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். அண்ணி கூடை மேல் ஏறி, விரலை நனைத்து, பஞ்சைக் கிள்ளி, பொத்தானை விட்டாள். அது இறங்கியது.

அன்று மாலைக்குள் பொத்தான் நாற்பத்திரண்டு முறை மேலிருந்து கீழே இறங்கியது. கறாரக்கா ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.